புதுப்பிப்பு: ஜீப்பின் முன் ஆக்ஸில் மாற்றவில்லை, சரிசெய்தாயிற்று

பழைய மஹிந்திரா சிஜே-3பி ஜீப்பில் வேகம் ஏறினால் ஸ்டியரிங் உதறுகிறது, முன் சக்கர நக்கிளில் (சக்கரம் திரும்பும் மூட்டு) ஆயில் கசிகிறது, ஆக்ஸிலை (இரு முன் சக்கரங்களையும் இணைக்கும் அச்சு) மொத்தமாக மாற்றலாமா என்று கேட்டிருந்தேன். மாற்றவில்லை.

பழைய சாமான் கடையில் ஒரு ஆக்ஸில் கிடைத்தது. கவரைத் திறந்து உள்ளே இருக்கும் பெரிய கியர், சிறிய கியர் இரண்டின் பல்லையும் எண்ணிப் பார்த்தால் 39க்கு 8, அதாவது விகிதம் 4.88. இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப்பின் கணக்கு அது. நம் வண்டியில் பின்னால் 43க்கு 8, 5.38. முன்னும் பின்னும் விகிதம் வேறானால், ஃபோர் வீல் போட்டுத் தார் ரோட்டில் ஓட்டும்போது டிரான்ஸ்ஃபர் கேஸ் (இன்ஜின் சக்தியை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) இறுகி கியரே தெறித்துவிடும். வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து முதலில் பல்லை எண்ணுங்கள்.

சரி, நம் ஆக்ஸிலைக் கழற்றினோம். அதன் வெளிக்கூடான ஹவுசிங் வளையவில்லை. நக்கிள் திரும்பும் கிங்பின் முளைகளின் பேரிங்குகள்தான் குழி விழுந்து கிடந்தன. புதிய பேரிங், ஃபெல்ட் சீல் போட்டு, ஷிம்மை (இடைவெளியைச் சரிசெய்ய வைக்கும் மெல்லிய தகடு) குறைத்து, நக்கிள் லேசான இறுக்கத்தோடு திரும்பும்படி வைத்தார் மெக்கானிக் அண்ணன். அந்த ஷிம் வேலைக்குத்தான் அரை நாள் போனது. அதில் அவசரப்பட்டால் உதறல் திரும்ப வரும். அப்புறம் இரு முன் சக்கரங்களையும் சேர்த்துத் திருப்பும் டை ராடு கம்பியின் முனைகளையும் மாற்றினோம்.

உதறல் போய்விட்டது. கசிவும் இல்லை. அடுத்து பிரேக் சிலிண்டர்.