கேர் ஹோமுக்கு வாற மருந்துத் தட்டில பிழை: பாமசியிட்ட என்ன கேக்கலாம்?

ஹரோ_கேரர்:
வணக்கம். லண்டனில ஒரு கேர் ஹோமில சீனியர் கேரராக இருக்கிறன். 28 நாளுக்கு ஒருக்கா வெளியில ஒரு பாமசியில இருந்து மருந்து வரும். ஒவ்வொருத்தருக்கும் பெயரும் படமும் ஒட்டின தட்டு. காலை, மத்தியானம், பின்னேரம், இரவு எண்டு குழியள். கொஞ்சக் காலமாகத் தட்டும் மார் சார்ட்டும் (ஆருக்கு எந்த மருந்து எப்ப குடுத்தது எண்டு நாங்கள் கையெழுத்துப் போடுற தாள்) ஒத்துப்போகுதில்லை. சார்ட்டில ஐந்து குளிசை, குழிக்குள்ள நாலு. பின்பக்கத்தில "வெள்ளை, வட்டம்" எண்டு எழுதியிருக்கும், உள்ளுக்க இருக்கிறது மஞ்சள். போன் எடுத்தால் "கொம்பனி மாறீட்டுது, மருந்து அதேதான்" எண்டு சொல்லுகினம். ஆனால் சார்ட்டில கையெழுத்துப் போடுறது நான். பாமசிக்கு இதில விதிமுறை ஏதும் இருக்கோ?

பாமசிஸ்ட்_ஈஸ்ட்ஹாம்:
இருக்கு தங்கச்சி. அதுக்கு முதல் ஒண்டு: எது எண்டு தெரியாத குளிசையை ஊகிச்சுக் குடுக்காதேங்கோ. போனில பாமசிஸ்டைக் கேட்டு எடுத்துக் கதையுங்கோ. கவுண்டரில நிக்கிறவர் சொல்லுறது காணாது.

கொம்பனி மாறுறது உண்மைதான். அம்லோடிபின் எண்ட ரத்த அழுத்தக் குளிசை இந்த மாதம் ஒரு கொம்பனியில வரும், அடுத்த மாதம் வேறொண்டில. நான் கேர் ஹோம் பகுதியில நெடுங்காலமாக வேலை செய்யிறன். லேபிள் அடிச்ச பிறகு ஸ்டொக் முடிஞ்சு வேற பெட்டி உடைப்பினம், விவரத்தை ஒருத்தரும் மாத்தமாட்டினம். பிழை பிறக்கிறது அங்கதான். ஒரு அம்மா குளிசை ஒண்டைத் துப்பிவிட்டா எண்டு வைப்பம். அது ரத்த அழுத்தக் குளிசையோ, சலக் குளிசையோ எண்டு உங்களுக்குச் சொல்லுறது "வெள்ளை, வட்டம்" எண்ட அந்த ஒரு வரிதான். அதைச் சின்ன விசயம் எண்டு ஆரும் சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டன்.

இங்க பாமசிகளைப் பதிஞ்சு கண்காணிக்கிறது ஜெனரல் பாமசூட்டிக்கல் கவுன்சில். அவையின்ர தரவிதிகள் ஐந்து பகுதி. பிழையைப் பதிஞ்சு, ஏன் நடந்தது எண்டு பாத்துத் திருத்தவேணும் எண்டது முதலாம் பகுதியிலேயே வருது. அவையின்ர இன்ஸ்பெக்டர்மார் எழுதின அறிக்கையள் இணையத்தில கிடக்கு, உங்கட பாமசியின்ர பெயரைப் போட்டுத் தேடுங்கோ. ஒவ்வொரு பிழையையும் திகதியோட எழுதி, தட்டைப் படமெடுத்து, சூப்பரிண்டெண்டன்ட் பாமசிஸ்டுக்கு (பாமசிக் கொம்பனிக்குப் பொறுப்பான தலைமைப் பாமசிஸ்ட்) அனுப்புங்கோ. வாயால சொன்னது பதிவில ஏறாது. மருந்துத் தகவல் தாளும் வரவேணும், தட்டில போட்டதெண்டு அதை விட ஏலாது.

எல்லாத்தையும் தட்டுக்குள்ள தள்ளச் சொல்லி ஹோம்காரரும் கேக்கக்கூடாது. ரத்தம் உறையாமல் குடுக்கிற வார்ஃபரினின்ர அளவு ஐஎன்ஆர் எண்ட ரத்தப் பரிசோதனை பாத்து மாறும், அது வெளியில நிக்கட்டும். வலிப்புக்குக் குடுக்கிற வல்ப்ரோயேட் 2023 ஒக்டோபர் 11 இல இருந்து கொம்பனிப் பெட்டியோடயே குடுக்கவேணும். ஆளுக்கு ஆள் ஆபத்தை மதிப்பிட்டால் மட்டும்தான் விதிவிலக்கு. கிழமைக்கு ஒருக்காக் குடிக்கிற மெதோட்ரெக்ஸேற்றைத் தினக் குளிசையளோட கலந்தால் உயிருக்கே ஆபத்து.

உங்கட பக்கத்திலயும் வேலை இருக்கு. ஜீபியிட்ட (குடும்ப டொக்டர்) மருந்து ஓடர் பண்ணுறது ஹோமின்ர பொறுப்பு, பாமசியின்ர தலையில போடக்கூடாது எண்டு நைஸ் (சுகாதார வழிகாட்டல் எழுதுற அரச அமைப்பு) 2014 இலயே சொல்லிப்போட்டுது. முந்தின சார்ட், ஓடர் கொப்பி, வந்த மருந்து மூண்டையும் பக்கத்தில வச்சுப் பாருங்கோ. 2009 இல வெளிவந்த ஒரு ஆய்வு இங்கிலாந்தில 55 ஹோமுகளில 256 பேரைப் பாத்தது. பத்தில ஏழு பேருக்குக் குறைஞ்சது ஒரு மருந்துப் பிழை. டொக்டர் எழுதினது, பாமசி கட்டினது, ஹோமில குடுத்தது, பிறகு கண்காணிச்சது எல்லாத்திலயும் பிழை இருந்தது.

குரொய்டன்_மகள்:
அப்பாவுக்குப் பார்க்கின்சன். அதுக்குக் குடுக்கிற கோ-கரல்டோபா 7 மணி, 11 மணி, 3 மணி எண்டு எழுதியிருந்தும் தட்டில காலை, மத்தியானம், பின்னேரம் எண்டுதான் வந்தது. சாப்பாட்டோட குடுத்துவிடுவினம், மனிசன் எழும்பேலாமல் கதிரையிலயே இருப்பார். அரைமணித்தியாலத்துக்கு மேல பிந்தக்கூடாது எண்டு நைஸ் சொல்லுறதைக் காட்டினன். இப்ப தனிப் பெட்டியில வருது, சார்ட்டிலயும் மணி அச்சடிச்சிருக்கு. கேளுங்கோ அக்கா, கேட்டால்தான் நடக்கும்.

ஹரோ_கேரர்:
நன்றி. கனக்க முறைப்பாடு போட்டால் பாமசி எங்களை விட்டிடும் எண்டு மனேஜர் பயப்பிடுறா. நான் தனியாக எழுதலாமோ?

பாமசிஸ்ட்_ஈஸ்ட்ஹாம்:
எழுதலாம், கவுன்சிலுக்கு ஆரும் அறிவிக்கலாம். ஆனால் முதல் மனேஜரோட இருந்து சூப்பரிண்டெண்டன்டுக்கு எழுதுங்கோ. ஒழுங்கான பாமசி எண்டால் அதுக்காக விட்டிட்டுப் போகாது, எங்களுக்கும் பிழை எங்க எண்டு தெரியவேணும். இன்னொண்டையும் அதிலேயே கேளுங்கோ: புதுத் தட்டுகள் துவங்கிற நாளுக்கு முதல்நாள் பின்னேரம் வாறதெண்டால் உங்களுக்குப் பாக்க நேரமிராது. சில நாள் முந்தி அனுப்பச் சொல்லுங்கோ. குறைஞ்சதை அதுக்குள்ள திருப்பி அனுப்பி எடுக்கலாம்.