வாடகை வீட்டுப் பக்கத்தில் விளம்பரம் போடலாமா?

அல்சூர்க்காரன்:
பெங்களூர்த் தமிழர்களுக்காக நாலு வருஷமாக ஒரு தளம் நடத்துகிறேன். மெயின் டொமைனில் ஊர்ச் செய்தி, கோயில் விசேஷம். அதே முகவரிக்கு முன்னால் ‘சமையல்’, ‘வீடு’ என்று பெயர் சேர்த்து இரண்டு சப்டொமைன்கள். ‘வீடு’ பக்கத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாக டுலெட் எழுதலாம். கூட்டமெல்லாம் அங்கேதான், செய்தியை நானும் என் மச்சானும்தான் படிக்கிறோம். மெயின் டொமைனுக்கு, கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் அனுமதி கிடைத்துவிட்டது. சப்டொமைன்களுக்குத் தனியாக வாங்க வேண்டுமா? ஏட்ஸ்.டெக்ஸ்ட் கோப்பை மூன்று இடத்திலும் வைக்க வேண்டுமா?

கோடிங் ராமு:
இரண்டுமே வேண்டாம். மெயின் டொமைனுக்கு அனுமதி இருந்தால் சப்டொமைன்களும் அதில் அடக்கம். அதே விளம்பரக் கோட் துண்டை ஒட்டுங்கள், போதும். ஏட்ஸ்.டெக்ஸ்ட் என்பது ‘என் பக்கத்தில் விளம்பர இடம் விற்க இன்னாருக்கு உரிமை உண்டு’ என்று ஊரறியச் சொல்லும் கோப்பு. 2017இல் வந்தது. அது மெயின் டொமைனில் இருந்தால் போதும். சப்டொமைனில் தனிக் கோப்பு வைத்தால், மெயின் கோப்பில் ‘சப்டொமைன்=’ என்று ஒரு வரி எழுதிக் காட்டினால்தான் விளம்பர நிறுவனங்கள் அதைத் தேடி வரும். இல்லாவிட்டால் அது அங்கே சும்மா கிடக்கும்.

வசந்தி, ஜே.பி. நகர்:
ராமு சொல்வது சரிதான். ஆனால் போட முடியுமா என்பது ஒரு கேள்வி, போடலாமா என்பது வேறு கேள்வி. நானும் இப்படித்தான் பிஜி (பேயிங் கெஸ்ட்) விடுதிப் பட்டியலுக்கு ஒரு சப்டொமைன் வைத்திருந்தேன். வேறொரு விளம்பர நிறுவனம், பேர் வேண்டாம். ஒரு சனிக்கிழமை ராத்திரி யாரோ ‘மசாஜ்’ என்று இருபது பதிவு போட்டுவிட்டுப் போனார்கள். திங்கள்கிழமை எழுந்து பார்த்தால் மொத்தத் தளத்துக்கும் விளம்பரம் நின்றிருந்தது. பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் பக்கம் உட்பட! யார் எழுதியிருந்தாலும் பதில் சொல்ல வேண்டியது தளம் நடத்துகிறவர்தான். சார், ‘வீடு’ பக்கத்தைத் தனி டொமைனுக்கு மாற்றிவிடுங்கள்.

கோடிங் ராமு:
அக்கா, தனி டொமைன் என்றால் அனுமதிக்கு மறுபடி முதலிலிருந்து வரிசையில் நிற்க வேண்டும். கூகுளில் சேர்த்து வைத்த பெயரும் ஆட்டம் காணும். அதுவும் அதே ஆட்சென்ஸ் கணக்கில்தான் சேரும். ஓர் ஆளுக்கு ஒரு கணக்குதானே. கணக்கையே பூட்டினால் எத்தனை டொமைன் இருந்து என்ன பிரயோஜனம்?

வசந்தி, ஜே.பி. நகர்:
எடுத்த எடுப்பில் கணக்கையா பூட்டுகிறார்கள், தம்பி? பக்கத்துக்கு, தளத்துக்கு, கணக்குக்கு என்று நடவடிக்கையில் படி இருக்கிறது. தளத்தோடு நிற்கும்போது தனி டொமைன் காப்பாற்றும். அடுக்களையில் தீப்பிடித்தால் கூடம் தப்ப ஒரு சுவர் வேண்டும் என்கிறேன், அவ்வளவுதான்.

கே.ஆர்.புரம் வாடகைக்காரன்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் கோடிங் ஆள் இல்லை, வீடு தேடி அலைந்தவன். பத்து மாச அட்வான்ஸ் கேட்கும் ஊரில் வயிற்றெரிச்சலோடு பட்டியலை உருட்டிக்கொண்டிருக்கும்போது, ‘இரண்டு பெட்ரூம்’ என்று நினைத்துத் தொட்டால் கடன் விளம்பரம் திறக்கிறது. ஓனர் நம்பரில் விரல் வைக்கப் போகிற நொடியில் மேலே ஒரு பெட்டி முளைக்கும், பக்கம் கீழே குதிக்கும், விரல் விளம்பரத்தில் விழும். காசு பார்க்கிறீர்கள், சரி. எங்கள் பொறுமையையுமா விற்க வேண்டும்?

கோடிங் ராமு:
இது நியாயம். விளம்பரத்தைப் பட்டியல் மாதிரி வேஷம் போட வைப்பதே விதிமீறல். குதிப்பதற்கு மருந்து சுலபம்: 300க்கு 250 அளவு விளம்பரம் என்றால், அது வரும் முன்பே 250 பிக்சல் உயரத்தைக் காலியாகப் பிடித்து வைக்க வேண்டும். தெரியாமல் விழும் கிளிக்கால் நமக்கும் கெடுதல்தான். செல்லாத கிளிக் என்று கழித்துவிடுவார்கள்.

அல்சூர்க்காரன்:
வசந்தி மேடம், தனி டொமைனுக்கு மனசு வரவில்லை. ‘சமையல்’ பக்கத்தில் இன்றே போட்டுவிட்டேன். ‘வீடு’ பக்கத்தில், நான் படித்து ஒப்புதல் கொடுத்த பதிவில் மட்டும்தான் விளம்பரம்.

வசந்தி, ஜே.பி. நகர்:
ஒரு நாளைக்கு எத்தனை பதிவு வரும்?

அல்சூர்க்காரன்:
முப்பது, நாற்பது. பாதி, ஒரே புரோக்கர்.

வசந்தி, ஜே.பி. நகர்:
ஊருக்குப் போகும் வாரத்தில் யார் படிப்பார்கள்?

அல்சூர்க்காரன்:
மச்சான்தான். அது கிடக்கட்டும், ‘சமையல்’ பக்கத்தில் விளம்பரக் கட்டம் காலியாகவே நிற்கிறதே, ராமு?

கோடிங் ராமு:
ரோபோட்ஸ்.டெக்ஸ்ட் பார்த்தீர்களா? தளத்தைப் படிக்க வரும் நிரல்களில் யாருக்கு வழி, யாருக்குத் தடை என்று சொல்லும் கோப்பு. ஏட்ஸ்.டெக்ஸ்ட் மாதிரி இல்லை, இது ஒவ்வொரு சப்டொமைனுக்கும் தனி. விளம்பரம் தேர்ந்தெடுக்கப் பக்கத்தைப் படித்துப் பார்க்கும் ஆட்சென்ஸ் நிரலான கிராலருக்கு மீடியாபார்ட்னர்ஸ்-கூகுள் என்று பேர். நட்சத்திரக் குறி போட்டு எல்லாரையும் தடுத்தால் அது கண்டுகொள்ளாது. பேர் சொல்லித் தடுத்தால்தான் வாசலில் நின்றுவிடும்.

அல்சூர்க்காரன்:
பேர் சொல்லித்தான் தடுத்திருக்கிறேன்! சப்டொமைன் தொடங்கின அன்று எங்கிருந்தோ காப்பி அடித்து ஒட்டின கோப்பு. இப்போதுதான் திறந்தே பார்க்கிறேன்.