மின்னெட் டி சில்வா பத்தி தெரிஞ்சவங்க சொல்லுங்களேன்

செங்கல்சூளை:
பி.ஆர்க் மூணாவது வருஷம் படிக்கிறேன். டிராபிக்கல் மாடர்னிசம்னாலே (வெப்பநாட்டுக்கு ஏத்த நவீன கட்டடக்கலை) கிளாஸ்ல இலங்கை ஆர்க்கிடெக்ட் ஜெஃப்ரி பாவாவோட ஆரம்பிச்சு பாவாவோட முடிச்சிடுறாங்க. மார்க்ங்கற இந்திய கலை, கட்டடக்கலை பத்திரிகைய 1946ல ஆரம்பிச்சவங்கள்ல மின்னெட் டி சில்வானு ஒரு ஆர்க்கிடெக்டும் இருந்தாங்கன்னு இப்பதான் படிச்சேன். கண்டிக்காரங்களாம். என்னல்லாம் கட்டினாங்க?

ஸ்கேல்பென்சில்:
தம்பி, பாவாக்கு முன்னாடியே வேலைய தொடங்கினவங்க அவங்க. பாவா வக்கீல் தொழில விட்டுட்டு ஆர்க்கிடெக்ட் ஆனது 1957ல, இவங்க கண்டில கருணாரத்ன வீட்ட 1951லயே முடிச்சிட்டாங்க! பம்பாய் ஜே.ஜே. கலைக் கல்லூரில படிக்கிறப்ப 1942ல காந்திய விடுதலை பண்ணச்சொல்லி நடந்த கூட்டத்துக்குப் போயிட்டு, மன்னிப்பு எழுதித்தர மாட்டேன்னதுக்கு வெளிய அனுப்பிட்டாங்க. அப்புறம் லண்டன் போய் ஏ.ஏ.ங்கற ஆர்க்கிடெக்சர் ஸ்கூல்ல படிச்சு 1948ல ரிபா (பிரிட்டிஷ் ஆர்க்கிடெக்ட் சங்கம்) அசோசியேட் ஆனாங்க, அப்படி ஆன முதல் ஆசியப் பெண். பிரபல நவீன ஆர்க்கிடெக்ட் லெ கார்பூசியேவோட அவர் கடைசி வரைக்கும் நட்பு. அத மட்டும் பெருசா பேசுறவங்க வேலைய பாக்கறதில்லங்கறது என் வருத்தம்.

மலையோரம்:
நான் பேராதனையில படிச்ச காலத்தில வட்டாபுளுவ பக்கம் அடிக்கடி நடந்து திரிஞ்சனான், அதால அவ அங்க வடிவமைச்ச வீட்டுத்திட்டத்தைத்தான் சொல்லுவன். 1958, அரச ஊழியருக்கு, கிட்டத்தட்ட 250 வீடு. வரைய முதல் அவ குடியிருக்கப்போற ஆக்களிட்டயே கேள்விக்கொத்து குடுத்து, கூப்பிட்டுக் கதைச்சு, என்ன தேவை எவ்வளவு ஏலும் எண்டு கேட்டுத்தான் செய்திருக்கிறா, அதாலதான் ஒரே அச்சில வாத்த மாதிரி இல்லாம பல வகை வீடுகள். கருணாரத்ன வீடும் அப்பிடித்தான், சரிவை வெட்டிச் சமப்படுத்தாம தட்டுத்தட்டா இறக்கி, உள்ள தும்பர எண்ட கண்டிப் பக்கத்துப் பாய் நெசவு, இலங்கை ஓவியர் ஜோர்ஜ் கீட்டின்ர சுவரோவியம். கொங்கிரீட்டும் கண்டிக் கைவினையும் பக்கத்தில பக்கத்தில. பாய் பின்னுறவையும் கட்டடத் தொழிலாளிதான் எண்டு வேலை குடுத்தவ.

செங்கல்சூளை:
அண்ணா, அக்கா, ரொம்ப நன்றி. எங்க ஹவுசிங் ஸ்டூடியோல குடியிருக்கப்போறவங்க யாருன்னு ஒரு நாள் கூட பேசினதில்ல, ஃபர்ஸ்ட் நாளே ஒரே மாதிரி கட்டம் கட்டமா கிரிட் போட்டுட்டோம். வட்டாபுளுவய கேஸ் ஸ்டடியா எடுக்கலாமா?

ஸ்கேல்பென்சில்:
தாராளமா எடு. 1998ல, அவங்க இறந்த அதே வருஷம், சுயசரிதை வந்துச்சு, பிளானும் போட்டோவும் நிறைய இருக்கும், அதுலருந்து ஆரம்பி. இலங்கை ஆர்க்கிடெக்ட் சங்கம் தங்கப்பதக்கம் குடுத்ததே 1996லதான், அப்ப அவங்களுக்கு 78 வயசு.

மலையோரம்:
கண்டிக்கு வாறதெண்டா முதல்லயே எழுதுங்கோ தம்பி. தெருக்கள் மலை வளைவோட போற விதத்தை நடந்து பாத்தாத்தான் விளங்கும்.