கவர்ந்து சென்றனர்

நாளிதழ் ஒன்றில் மெய்ப்புத் திருத்துவது என் வேலை. ஓர் இரவு பக்கத்தை முடிக்கும் நேரம். மேலே ஒரு செய்தி: பூட்டிய வீட்டுக்குள் புகுந்து நகைகளைக் 'கவர்ந்து சென்றனர்'. அதே பக்கத்தின் அடியில் ஒரு விளம்பரம்: 'கவர்ச்சிகரமான வட்டி'. இரண்டிலும் எழுத்துப்பிழை கிடையாது. ஆனால் பேனா நகரவில்லை.

காரணம் என் அப்பா. இதே போன்ற விளம்பரத்தை நம்பித்தான் ஓய்வுபெற்றபோது வந்த பணத்தை ஓரிடத்தில் போட்டார். ஏழு மாதம் தேதி தவறாமல் வட்டி வந்தது. எட்டாவது மாதம் போனால் கதவில் பூட்டு. "சபலப்பட்டுட்டேன்பா" என்பதையே பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார், வேறு யாரையும் குறை சொல்லாமல்.

அன்றிரவு வீட்டுக்கு வந்ததும் அகராதியைப் புரட்டினேன். கவர் என்றால் பற்றிக்கொள், பறித்துக்கொள் என்பதுதான் பொருள். மனத்தை இழுப்பதும் அதிலேயே அடங்கும். 'கனிஇருப்பக் காய்கவர்ந் தற்று' என்ற குறளில் கவர்வது நம் கை. பழம் இருக்கும்போது காயைப் பறிக்கிறது. 7-ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் சீர்காழியில் பாடிய முதல் பதிகத்தில் சிவனே 'உள்ளங்கவர் கள்வன்'. எவ்வளவு கனிந்த வரி! அங்கேயும் கவர்பவனுக்குக் கள்வன் என்றுதான் பெயர். இன்று நாம் தினமும் எழுதும் கவர்ச்சிக்குள்ளும் அந்தப் பறிப்பு இருக்கிறது, பளபளப்பில் கண்ணுக்குத் தெரிவதில்லை.

சபலம் வேறு வகை. வடமொழியில் 'சபல' என்றால் நிலைகொள்ளாதது, துடிப்பது. மின்னலுக்கும் சபலா என்று ஒரு பெயர் உண்டு. ஆக, சபலம் என்று சொல்லும்போது ஆடியது என் மனம் என்று நம்மையே காட்டிக்கொள்கிறோம். கவர்ச்சி என்றால் இழுத்தவனும் கண்ணில் படுகிறான். அப்பா இத்தனை வருடம் ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு முழுப் பழியையும் தானே சுமந்திருக்கிறார். அதை நினைக்கத் தொண்டை அடைத்தது.

மறுநாள் காலை அந்தப் பக்கத்தை அவரிடம் காட்டி, இரண்டு வரியிலும் விரல் வைத்து விளக்கினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். மேல் வரி, கீழ் வரி, திரும்ப மேல் வரி. அப்புறம் பேப்பரை மடித்துப் பழைய டெபாசிட் ரசீதோடு சேர்த்து வைத்தார்.

இப்போது யாராவது அந்தப் பணத்தைப் பற்றிக் கேட்டால், "பறிச்சுட்டாங்க" என்கிறார்.