மறுமொழி: 'உதிர்கொம்பு' வேண்டாம், 'கழல்கொம்பு' என்போம்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

வெண்வால் மான் பற்றிய அமெரிக்கக் கட்டுரையை மொழிபெயர்க்கும் நண்பர், ஆங்கிலத்தில் horn, antler என்று பிரித்துச் சொல்வதில் antler-க்குத் தமிழில் தனிச்சொல் என்ன என்று கேட்டது நியாயமான கேள்வி. வரையாட்டுக்கும் கொம்பு, மிளா என்னும் கடமானுக்கும் கொம்பு என்று எழுதினால் இரண்டாம் பத்தியிலேயே குழப்பம் வந்துவிடும். வரையாட்டின் கொம்பு, எலும்பின்மேல் நகப்பொருள் உறை போர்த்தது; ஆயுள் முழுவதும் கூடவே இருப்பது. மிளாவின் கொம்பு முழுக்க எலும்பு. விழுந்து மறுபடி முளைப்பது.

'மான்கொம்பு' போதும் என்று ஒருவர் எழுதியிருந்தார். போதாது. வெளிமானும் நமக்கு மான்தான். அதன் முறுக்குக் கொம்பு விழுவதே இல்லை. 'கிளைக்கொம்பு' அழகான சொல், ஆனால் இளம் மிளாவின் முதல் கொம்பு கிளையில்லாத வெறும் குச்சி. மிஞ்சியது 'உதிர்கொம்பு'. பலரும் அதற்கே கை தூக்கியிருக்கிறீர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. இலை உதிரும், பூ உதிரும், முடி உதிரும். முழங்கை நீளத்துக்கும் மேல் வளர்ந்த மிளாக் கொம்பு உதிருமா?

குமரி மாவட்டத்துக் கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் பால் வெட்டும் என் மாமா, விடியுமுன் தலைவிளக்கு வெளிச்சத்தில் ஒரு கொம்பைக் கண்டு, பிறகு என்னையும் கூட்டிப்போய்க் காட்டினார். மூன்று முனைகள். தண்டில் முள்ளம்பன்றி கொறித்த பல்தடம், உளியால் இழைத்ததுபோல. அடிப்பக்கத்தைக் குனிந்து பார்த்தேன். வெட்டுத்தடம் இல்லை, மண்டையோட்டுத் துண்டும் இல்லை; சற்றே புடைத்து, சொரசொரவென்று, சுற்றிலும் முடிச்சு முடிச்சாக ஒரு வளையம். "கொன்று எடுத்தது இல்லை மக்களே, தானாகக் கழன்றது" என்றார். வனக்காவலரிடம் சொல்லிவிட்டுத் திரும்பினோம். (1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கையில், கீழே கிடந்ததுதானே என்று வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது. அமெரிக்காவிலோ விழுந்த கொம்பைப் பொறுக்குவது பொழுதுபோக்கு. மொழிபெயர்ப்பில் இதை அடிக்குறிப்பாகச் சேர்த்துவிடுங்கள்.)

மாமா சொன்ன 'கழன்றது' என்பதே நடப்பதும். இணைசேரும் பருவம் முடிந்து ஆண் ஹார்மோன் சுரப்பு குறைந்ததும், கொம்பு தலையெலும்போடு சேரும் இடத்தை எலும்பரிக்கும் செல்கள் கரைக்கின்றன. பிடி தளர்ந்து, ஒருநாள் கழன்று விழுகிறது. வெண்வால் மானுக்கு அது பெரும்பாலும் டிசம்பர் முதல் மார்ச் வரை. நம் காடுகளில் அப்படி எல்லாவற்றுக்கும் ஒரே மாதம் என்று கிடையாது.

கழல் என்றால் வீரர் காலில் அணியும் கழல் நினைவு வருமே என்பீர்கள். பெயராக இருந்தால் 'கழற்கொம்பு' என்று திரிந்திருக்கும். இது கொல்களிறு போல வினைத்தொகை. கழன்ற, கழல்கின்ற, கழலும் என முக்காலத்தையும் தாங்கும். ஆண்டுதோறும் விழுந்து முளைக்கும் உறுப்புக்கு இதைவிடப் பொருத்தமான தொகை கிடைக்காது.

புறநானூற்று 23ஆம் பாட்டில் 'அறுமருப்பு எழிற்கலை' வருகிறது (மருப்பு என்றால் கொம்பு, கலை என்றால் ஆண்மான்). அற்று விழும் மருப்பு என்று அதைப் படிக்க எனக்கு ஆசை. அந்தச் சொல்லையே எடுத்தாளலாமா என்றும் யோசித்தேன். இன்றைய வாசகர் ஆறு கொம்பு என்று எண்ணுவார் (மிளாவுக்கு இரு பக்கமும் சேர்த்து ஆறு முனை, அது தனி வேடிக்கை). இல்லாவிட்டால் அறுத்த கொம்பு என்பார். அறுத்ததற்கும் கழன்றதற்கும் நடுவே ஒரு வேட்டை வழக்கே நிற்கிறது.

ஆகவே தலையில் இருப்பது கழல்கொம்பு, தரையில் கிடப்பது கழன்ற கொம்பு. வளரும்போது அதைப் போர்த்தியிருக்கும் மென்மயிர்த் தோலுக்குப் 'பூந்தோல்' என்று எழுதிவருகிறேன். அதில் எனக்குப் பிடிவாதம் இல்லை.