நம்ம குடும்பம், சுங்கை சிப்புட், மலேசியா

கவிதா: தினேஷ், ஆயுள் காப்புறுதி வேண்டாம் என்று சொல்லிவிட்டாயாமே, சித்தி வருத்தப்பட்டார். ஏன்டா?

தினேஷ்: 26 வயசுதான் அக்கா. கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை. கம்பெனி மெடிக்கல் கார்டு இருக்கிறது, சம்பளத்தில் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) பிடிக்கிறார்கள், வீட்டுக் கடனோடும் ஒரு காப்புறுதி எடுத்தாயிற்று. அந்த ஏஜென்ட் மாதம் 250 வெள்ளி கேட்கிறார், முதலீடு, சேமிப்பு என்று அவர் பேசியதில் பாதி புரியவில்லை.

யாழினி: பினாங்கில் எங்கள் ஆபீஸிலும் இப்படித்தான். காருக்கும் போனுக்கும் தவணை போடுவார்கள், கூடப் படித்தவன் ஏஜென்ட் ஆகிவிட்டால் அவன் போனை எடுக்க மாட்டார்கள்.

கவிதா: புரியாததில் கையெழுத்துப் போடாதது நல்லதுதான். ஆனால் மெடிக்கல் கார்டு ஆஸ்பத்திரி பில்லுக்கு மட்டும், வேலையை விட்டால் அதுவும் போய்விடும். வீட்டுக் கடன் காப்புறுதி பேங்க் கடனை அடைக்கும், வீடு மிஞ்சும், அரிசிக்கு என்ன செய்வது? இபிஎஃப்பில் நீ இதுவரை சேர்த்தது எவ்வளவு இருக்கும்? சொக்சோ பென்ஷனுக்கு நிபந்தனை உண்டு, முழுச் சம்பளமும் வராது. பிள்ளை இல்லை என்கிறாய், உன் பணம் வந்த பிறகுதான் சித்தி மாதாமாதம் மளிகைக்கடைப் பாக்கியைத் தீர்க்கிறார், தங்கச்சி படிப்பும் அதில்தான் ஓடுகிறது.

சித்தப்பா: சின்னப் பையனிடம் ஏம்மா இந்தப் பேச்சு.

கவிதா: சித்தப்பா, தோட்டத்தில் நீங்கள் மரண சகாய நிதிக்கு மாதாமாதம் கட்டவில்லையா? அதே பேச்சுதான்.

தினேஷ்: சரி, எதை எடுப்பது?

கவிதா: சேமிப்பு கலக்காத டேர்ம் பாலிசி, அதாவது குறிப்பிட்ட காலத்துக்குள் நீ இறந்தால் வீட்டாருக்குப் பணம் தருவது. ஒன்றும் ஆகாமல் காலம் முடிந்தால் ஒன்றும் திரும்ப வராது, அதனால்தான் கட்டணம் குறைவு. 2017 முதல் இப்படிப்பட்டதை ஏஜென்ட் இல்லாமல் கம்பெனியிடம் நேரடியாகவே வாங்கலாம். சிகரெட், உடம்பு பற்றிக் கேட்டால் மறைக்காதே, பிறகு வீட்டார்தான் அலைய வேண்டியிருக்கும். பாலிசி கைக்கு வந்து 15 நாளுக்குள் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். அப்புறம் நாமினி, உனக்குப் பிறகு பணத்தை வாங்க நீ பெயர் எழுதிக் கொடுக்கும் ஆள், அதுதான் முக்கியம். கல்யாணம் ஆகாத நீ அம்மா அப்பாவைப் போட்டால் பணம் அவர்களுக்கே சொந்தம், உன் கடன்காரர்கள் தொட முடியாது. தங்கச்சி பெயரைப் போட்டால் அவள் வாங்கிப் பங்கிட்டுக் கொடுக்கும் பொறுப்பாளர் மட்டும்தான்.

தினேஷ்: இது யாரும் சொல்லவில்லையே. 250ஐ விடக் குறைவு என்றால் கட்டலாம். சனிக்கிழமை வருகிறேன், சேர்ந்து பார்ப்போம்.

சித்தப்பா: அம்மா பெயரையே போடு. ஐசி (அடையாள அட்டை) காப்பி எடுத்து வைக்கிறேன்.