கினிகத்தேனை இறக்கத்தில் பிரேக் பெடல் உள்ளே போய்விட்டது, நாளை கொமிக் கொன்னுக்கு இந்தக் காரில் கொழும்பு போகலாமா?

தலவாக்கலைப் பிள்ளை

அண்ணாமாரே, அக்காமாரே, கொஞ்சம் அவசரம். தலவாக்கலையிலிருந்து காலையில் வெளிக்கிட்டு இப்போது கித்துல்கலயில் ஒரு தேத்தண்ணிக் கடை முன்னால் நிற்கிறோம். நாளைக்கு கொழும்பில் கொமிக் கொன் என்ற சித்திரக்கதை ரசிகர் விழா, நானும் என் இரண்டு சிநேகிதிகளும் கொஸ்பிளே (கதாபாத்திர வேஷம்) போட்டிக்குப் பதிந்திருக்கிறோம், அண்ணன்தான் ஓட்டுகிறார். கார் பழைய 800 சிசி, மனுவல் கியர். நான்கு பேர், பின் சீட்டிலும் டிக்கியிலும் ஈவா ஃபோமில் செய்த கவசங்கள், விக் பெட்டிகள், ஆளுயர வாள் ஒன்று.

ஹட்டன் வரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை. கினிகத்தேனை தாண்டி வளைவுகளில் இறங்கும்போது முதலில் கருகின வாசம், அப்புறம் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கி தரை வரைக்கும் போய்விட்டது. அண்ணன் கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கையும் மெல்ல இழுத்து ஒரு மாதிரி ஓரங்கட்டினார். ஆறவிட்டு மெதுவாக இங்கே வந்தோம். இப்போது பெடல் பழையபடி இறுக்கமாக இருக்கிறது. சரியாகிவிட்டது என்று நம்பி ஓடலாமா? மாதக் கணக்கில் இரவிரவாக வெட்டி ஒட்டின உடுப்பு இது, போகாமல் திரும்ப மனமே வரவில்லை.

கெஹெல்வல

பெடல் திரும்பி வந்துவிட்டதென்றால் சூடு ஆறிவிட்டது, அவ்வளவுதான். கித்துல்கலயிலிருந்து கீழே பெரிய இறக்கம் இல்லை. பயப்படாமல் போங்க, யட்டியாந்தோட்டைக்குப் பிறகு ரோட்டும் சமன்.

மரக்கறி லொறி

தங்கச்சி, மேலே சொன்னதைக் கேட்டு உடனே வெளிக்கிட வேண்டாம். நுவரெலியாவிலிருந்து கொழும்புக்கு மரக்கறி ஏற்றி இந்த ரோட்டில்தான் வருஷக்கணக்காக ஓடுகிறேன். ரோட்டு சமன் என்பது சரி, ஆனால் சமன் ரோட்டில் பஸ் குறுக்கே வெட்டும்போதும் பிரேக் வேண்டும்தானே.

இப்போதே செய்யக்கூடியது இது. எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி வைத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே பெடலை அழுத்தி அரை நிமிஷம் அப்படியே பிடிக்கச் சொல்லுங்க. மெல்ல மெல்ல உள்ளே இறங்கினால் எங்கேயோ லீக், இல்லாவிட்டால் பெடல் அழுத்தத்தை ஒயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் போயிருக்கிறது. அப்படியென்றால் ஓர் அடியும் நகர்த்த வேண்டாம், யட்டியாந்தோட்டையிலிருந்து ஒரு பாஸை (மெக்கானிக்கை) அந்த இடத்துக்கே கூப்பிடுங்க. பெடல் இறங்காமல் நின்றால் நான்கு டயருக்கும் உட்பக்கம் குனிந்து ஈரம் இருக்கிறதா பாருங்க, பொனட்டைத் திறந்து பிரேக் ஒயில் டப்பாவில் மட்டத்தையும் நிறத்தையும் பாருங்க. எல்லாம் சரியென்றால் இரண்டாம், மூன்றாம் கியரில் முன்னால் போகும் வாகனத்துக்கு நல்ல இடம் விட்டு முதல் கராஜ் வரைக்கும் மட்டும் போகலாம். கொழும்பு வரைக்கும் இல்லை.

இன்னொன்று, சூடான பிரேக் டிஸ்கில் தண்ணீர் ஊற்ற விடாதீங்க. ரோட்டோரத்தில் யாராவது வாளியோடு ஓடி வருவார்கள், நல்ல மனசுதான், ஆனால் டிஸ்க் வளைந்துவிடும், வெடித்தும் போகலாம். ஆறவிடும்போது பெடலை மிதித்தபடி நிற்கவும் கூடாது. டயருக்குக் கல் வைத்து, கியரில் போட்டுவிட்டு இறங்கிவிடுங்க.

கண்டி மெக்

லொறி அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. ஏன் இப்படி நடக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன், இது தெரிந்தால் திரும்ப நடக்காது.

ஹட்டன் 1200 மீட்டருக்கு மேல், அவிசாவளை கிட்டத்தட்ட சமவெளி. ஆட்களோடும் சாமானோடும் ஒரு டன் வரும் கார் ஆயிரம் மீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 2.7 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சக்தி எங்கேயாவது போய்ச் சேர வேண்டும். கியரில் இறங்கினால் அதில் பெரும்பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்கிறது. நியூட்ரலிலோ நான்காம் கியரிலோ பிரேக்கை மிதித்தபடி இறங்கினால் முக்கால்வாசியும் முன் டிஸ்க் இரண்டிலும் வெப்பமாக ஏறுகிறது.

பெடல் கல்லு மாதிரி இறுக்கமாக இருந்தும் வண்டி நிற்கவில்லையென்றால் டிஸ்கை அழுத்திப் பிடிக்கும் பேட் சூடேறிப் பிடிப்பை இழந்திருக்கிறது. உங்களுக்கு நடந்தது அது இல்லை. பஞ்சு மாதிரி அமுங்கினால் பிரேக் ஒயில் கொதித்து உள்ளே ஆவி உண்டாகியிருக்கிறது என்று அர்த்தம். ஆவி அமுங்கும், ஒயில் அமுங்காது, அதனால்தான் பெடல் தரை வரைக்கும் போனது. ஆறினதும் ஆவி திரும்பத் திரவமாகிவிடும், பெடலும் வந்துவிடும். ஆனால் அந்த ஒயில் அதே பழைய ஒயில்தான், அடுத்த இறக்கத்தில் திரும்பவும் கொதிக்கும். கெஹெல்வல கவனிக்காமல் விட்டது இதைத்தான்.

பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் சாமான். டொட் 3 என்ற தரத்து ஒயில் புதிதாக இருந்தால் குறைந்தது 205 பாகை வரைக்கும் கொதிக்காது, ஈரம் ஏறினதும் அந்த அளவு 140க்கு இறங்கிவிடும். டொட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. வட்டவளை, கினிகத்தேனை பக்கத்து மழையில் ஓடும் வண்டிக்கு இரண்டு வருஷத்துக்கொரு தடவை மாற்றுவது கட்டாயம். டப்பாவில் ஊற்றி மட்டத்தை நிரப்பினால் போதாது. நான்கு டயரிலும் பிளீட் பண்ணி பழையதை முழுசாக வெளியே எடுக்க வேண்டும். மூடியில் டொட் 3 என்று எழுதியிருந்தாலும் டொட் 4 போடலாம், டொட் 5 மட்டும் போட விடாதீங்க, அது சிலிக்கன், இதோடு சேராது.

விக் பெட்டி

நானும் பண்டாரவளையிலிருந்து உடுப்போடு போகிறவள்தான், அதனால் வேறு ஒரு கவலை. கீழே வெயில் வேறு மாதிரி. கராஜில் காரை மூடி வெயிலில் விட்டால் ஹொட் குளூ போட்ட இணைப்புகள் இளகிக் கழன்றுவிடும், ஃபோமும் நெளியும். கவசங்களை வெளியே எடுத்து நிழலில் வையுங்கள். வேலை முடிய இரவாகும் என்றால் அண்ணனைக் காரோடு விட்டுவிட்டு நீங்கள் மூன்று பேரும் ஹட்டன் – கொழும்பு பஸ்ஸில் ஏறுங்கள், வாளை மட்டும் பெட்சீட்டில் சுற்றி கண்டக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போட்டிக்குப் போகாமல் மட்டும் இருக்காதீர்கள் பிள்ளை, மலையகத்திலிருந்து மேடை ஏறுகிறவர்கள் இன்னும் நிறையப் பேர் வர வேண்டும்.

தலவாக்கலைப் பிள்ளை

எல்லோருக்கும் பெரிய நன்றி. அரை நிமிஷம் பிடித்தோம், பெடல் இறங்கவில்லை, ஈரமும் இல்லை. டப்பாவில் ஒயில் பிளேன்டீ நிறம். மெதுவாக யட்டியாந்தோட்டைக்கு வந்துவிட்டோம். பாஸ் முன் டயர்களைக் கழற்றினார், பேட் மேலே பளபளவென்று கண்ணாடி மாதிரி ஆகிவிட்டதாம், புது பேட் போட்டு டொட் 4 மாற்றி பிளீட் பண்ணிக்கொண்டிருக்கிறார். கவசமெல்லாம் கடைத் தாழ்வாரத்தில் நிழலில் இருக்கிறது, ஊர்ப் பிள்ளைகள் சுற்றி நின்று பார்க்கிறார்கள். நாளை மறுநாள் இதே ரோட்டால் திரும்ப வேண்டும், அதற்கு ஏதாவது கவனிக்க வேண்டுமா?

மரக்கறி லொறி

நல்லது தங்கச்சி. ஏற்றத்தில் பிரேக்குக்கு வேலை குறைவு, எஞ்சினுக்குத்தான் வேலை. காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் தண்ணீரைப் பார்த்துவிட்டு வெளிக்கிடுங்க, கித்துல்கல தாண்டினதும் ஏசியை நிறுத்துங்க, சூட்டு முள் மேலே போனால் ஓரங்கட்டி ஆறவிடுங்க, சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கை வைக்கவே வேண்டாம். இரவில் வட்டவளைப் பக்கம் மூடுபனி இறங்கும், பகலிலேயே ஏறிவிடுங்க.

அண்ணனிடம் இதையும் சொல்லுங்க. எந்த கியரில் ஏறுகிறாரோ, இறங்கும்போதும் அதே கியர்தான். பெற்றோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதும் எஞ்சினை அணைத்து உருட்டுவதும் இந்த ரோட்டில் கூடவே கூடாது, எஞ்சின் நின்றால் பிரேக் மிதிக்கு உதவும் பூஸ்டரில் மிச்சமிருப்பது இரண்டு மூன்று மிதிக்குத்தான். போட்டி எப்படிப் போனது என்று இங்கேயே எழுதுங்க, உடுப்புப் படமும் போடுங்க.